காலைத் தூக்கிய மான்

மூன்றாவது மானுக்கும் கால் தொங்கிவிட்டது.

சூளையிலிருந்து எடுத்த மானை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சாமிதுரை வெளிச்சத்துக்கு வந்தான். உடம்பு சரி, கழுத்து சரி, காது இரண்டும் அம்சமாக விறைத்து நின்றன. தூக்கி வைத்த முன்னங்கால் மட்டும் சூட்டில் இளகி, மூன்றாம் பந்திக்குப் போட்ட அப்பளம் போலத் துவண்டு கிடந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ஏண்டா, நாலு காலையும் கீழ வெச்சே செஞ்சா இன்னாடா?" என்றான் ஜெயராஜ். சூளை அவனுடையது. சிநேகிதத்துக்காக மூன்று தடவை விறகை எரித்தவன் என்பதால் கேட்க அவனுக்கு உரிமை இருந்தது.

"மேஸ்திரி பார்த்த மான் ஒரு காலைத் தூக்கிட்டுதான் நின்னுதாம். கால் தூக்கலன்னா எனக்குப் பொண்ணு கிடையாதுடா."

அது எழுபத்திரண்டாம் வருஷம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சாமிதுரை பொம்மைகளுக்கு அச்சு எடுக்கிறவன். அவன் அச்சில் வார்த்த பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் அம்புஜவல்லி. குருட்டுப் பொம்மைகளாக அவளிடம் கொண்டுபோய் வைப்பதும், கண் திறந்த பிறகு போய் எடுத்து வருவதுமாக ஒரு வருஷம் நடந்ததில், இரண்டு பேருக்கும் மனசு ஒன்றாகிவிட்டது. இதில் ஒரே சிக்கல், அவளுடைய அப்பா தர்மராஜ் அதே கம்பெனியில் சூளை மேஸ்திரி. ஊருக்குப் பீங்கான் வருவதற்கு முன்பே மண்ணைக் குழைத்த கை அவருடையது. கோப்பையை எடுத்து நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். எழும் சத்தத்திலேயே விரிசல் எங்கே என்று சொல்லிவிடுவார். மனுஷர்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்.

சாமிதுரை பெண் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. மலைக்கு வா என்றார்.

விருத்தாசலத்துக்காரர்கள் ஊர்ப் பெயரில் மட்டும் ‘அசலம்’ என்று மலையை வைத்துக்கொண்டு, ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லாதவர்கள். மலை பார்க்க வேண்டுமென்றால் வேப்பூர் போய், பஸ் மாறி, மேற்கே போக வேண்டும். அங்கேதான் வெள்ளைக்கரடு இருந்தது. அடியிலிருந்து உச்சி வரை சுண்ணாம்புப் பாறை. சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தபோது காட்டு இலாகா வேலி போட்டுக் காவலுக்கு ஆள் வைத்துவிட்டது. அதனால் மயிலும் உடும்பும் முள்ளம்பன்றியும் அங்கே நிம்மதியாகக் குடும்பம் நடத்தின.

அந்த மலைக்கு ஒரு கதையும் உண்டு. வேடன் ஒருவன் துரத்திவந்த மானை வெள்ளையம்மன் தன் கையாலேயே சுண்ணாம்பு பூசி, பாறையோடு பாறையாக மறைத்துவிட்டாளாம். அன்றிலிருந்து அந்த வெள்ளை மான், சேர்ந்து வாழப்போகிற ஜோடிக்கு மட்டும்தான் கண்ணில் படுமாம். தர்மராஜ் குடும்பத்தில் நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர்கள், பெண்ணோடும் மாப்பிள்ளையோடும் மலையேறுவார்கள். மாப்பிள்ளை உறவு சனம் இல்லாமல் தனியாக வர வேண்டும். மான் தெரிந்தால் தட்டு மாற்றுவார்கள், இல்லையென்றால் பஸ் ஏறிவிடுவார்கள்.

"நானும் சொர்ணமும் கண்ணால பார்த்தோம்" என்று தர்மராஜ் எல்லாரிடமும் சொல்வார். "எதிர்ப் பாறையில நின்னுது. முன்னங்கால் ஒண்ணைத் தூக்கி, நல்லா இருங்கன்னு சொல்ற மாதிரி நின்னுது."

கதை இந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனைவி சொர்ணாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே எழுந்து போய்விடுவாள். எத்தனை பக்தி என்று சாமிதுரை நினைத்துக்கொள்வான்.

அம்புஜவல்லிக்கு முன்பே இரண்டு வரன்கள் வந்து, மலையேறி, வேர்த்து வழிந்து, மானைக் காணாமல் வெறும் ஆளாகத் திரும்பிப் போயிருந்தார்கள். சாமிதுரை மூன்றாவது. மான் வராவிட்டால் அம்புஜவல்லி இல்லை. இதை யோசிக்க யோசிக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வராத மானுக்காகக் காத்திருப்பதைவிட, தெரிந்த தொழிலை வைத்து ஒரு மானைச் செய்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தான்.

நான்காவது மானுக்குத் தூக்கிய காலுக்கு அடியில் அதே மண்ணில் ஒரு குச்சி செய்து முட்டுக் கொடுத்துச் சுட்டு, வெந்ததும் குச்சியைத் தட்டி எடுத்தான். கால் நின்றது. ஆட்டுக்குட்டி உயரத்தில், மெருகு பூசாத சுத்த வெள்ளையில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மான் நின்றபோது ஜெயராஜே கன்னத்தில் போட்டுக்கொண்டான். சோற்று வேளையில் அம்புஜவல்லி ரகசியமாக வந்து அதற்குக் கண் எழுதினாள். இமை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. மானுக்கு இவ்வளவு பெரிய இமை இருக்குமா என்று சாமிதுரை கவலைப்பட்டான்.

"அம்மன் மானாச்சே, அழகாத்தான் இருக்கட்டுமே" என்றாள் அவள்.

மலையேற்றம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. சாமிதுரை சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மானைத் துப்பட்டியில் சுற்றி வேப்பூர் பஸ் ஏறினான். பெட்டியில் வைத்தால் குலுக்கலில் கால் போய்விடும் என்று மடியில் கிடத்தி அணைத்துக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு அது தூங்குகிற பிள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் கொய்யாக் கூடையோடு வந்து உட்கார்ந்தவள் ராஜம்மாள். தினமும் அதே பஸ்ஸில் போய் வேப்பூரில் பழம் விற்கிறவள்.

பிள்ளைக்கு என்ன என்று கேட்டாள். காய்ச்சல் என்றான். கேள்வி அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தது அவன் தப்பு. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் சும்மா இருப்பாளா? துப்பட்டிக்குள் கையை விட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தாள். கால் சில்லென்று இருந்தது. விறைத்தும் இருந்தது.

ராஜம்மாளின் முகம் மாறியது. அவள் வாயைத் திறந்து ஒப்பாரியைத் தொடங்குவதற்குள் சாமிதுரை முந்திக்கொண்டான்.

"ஒண்ணும் இல்லீங்க, அம்மை போட்டிருக்குது. தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவன் நினைத்தது, அம்மை என்றால் விலகிப் போவார்கள் என்று. விலகத்தான் செய்தார்கள். ஆனால் கும்பிட்டுக்கொண்டே விலகினார்கள். கண்டக்டர் விசிலை எடுத்து ஊதி, முதல் வேப்ப மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார். இரண்டு பேர் இறங்கிக் கொத்துக் கொத்தாக ஒடித்து வந்தார்கள். துப்பட்டி மேல் வேப்பிலை, ஜன்னலில் வேப்பிலை, டிரைவர் தலைக்கு மேலும் வேப்பிலை. பின் சீட்டில் ஒருத்தி குலவை போட்டாள். வேப்பூர் வரைக்கும் அந்த பஸ் கோயிலாகவே ஓடியது. சாமிதுரை நடுவில் மானைக் கட்டிக்கொண்டு, பூசாரி மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இறங்கும்போது ராஜம்மாள் ஒரு கை கொய்யாக்காயை அவன் பையில் திணித்தாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பிள்ளைக்குக் கொடு, அதற்குள் பழுத்துவிடும் என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மலையடிவாரத்தில் காவல்காரர் விருத்தகிரி மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். பார்த்தார். கண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், சாமிதுரையைப் பார்த்தார். அம்மனுக்கு வேண்டுதல் என்றான் இவன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: இங்கே ஒரு கிளை ஒடிக்கக்கூடாது, ஒரு கல்லை எடுக்கக்கூடாது, எடுப்பது என்ன, இடம் மாற்றினால்கூட வழக்கு. சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு ஏறினான்.

பார்வைப் பாறை என்று ஒன்று உண்டு. அங்கே நின்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்ப் பாறை தெரியும். சுற்றிப் போய் அந்த எதிர்ப் பாறையின் விளிம்பில் மானை நிறுத்தினான். தரை சமமாக இல்லை. மான் ஆடியது. முட்டுக் கொடுக்க ஒரு சின்னக் கல் போதும், காலடியிலேயே ஆயிரம் கிடந்தன. ஆனால் விருத்தகிரியின் மீசை கண் முன்னால் வந்தது. பைக்குள் கையை விட்டான். கொய்யாக்காய் கல் மாதிரிதான் இருந்தது. ஊன்றிய காலுக்கு அடியில் இரண்டை அழுத்தி வைத்ததும் மான் அசையாமல் நின்றது. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. விசில் அடித்துக்கொண்டு இறங்கினான்.

மறுநாள் காலை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் தர்மராஜ் வெள்ளை வேட்டியோடு நின்றார். சொர்ணாம்பாள் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தாள். அம்புஜவல்லி ஊதாப்பூச் சேலை கட்டியிருந்தாள். சாமிதுரை அவளைப் பார்த்த சந்தோஷத்தில், பஸ்ஸுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஏறிவிட்டான்.

"தம்பி, கொழந்தைக்கு எப்படி இருக்குது?" என்றாள் ராஜம்மாள்.

தர்மராஜ் திரும்பினார்.

"யாரு கொழந்தைக்கு?"

"இந்தத் தம்பியோட கொழந்தைக்குத்தாங்க. பாவம், அப்பன் மடியில அசையாம கெடந்தது. தாய் இல்லாத பிள்ளை போலிருக்குது."

அம்புஜவல்லி சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று தர்மராஜ் நினைத்தார். அவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தது சாமிதுரைக்கு மட்டும் தெரிந்தது. அது பெரியம்மா மகளுடைய பிள்ளை என்று அவன் உளறினான். நேற்று உன் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாயே என்றாள் ராஜம்மாள். உனக்குப் பெரியம்மாவே கிடையாது என்று சொன்னாயே என்றார் தர்மராஜ். இரண்டு பக்கமும் இடி வாங்கிய மத்தளம் போல அவன் திகைத்து நின்றான்.

"மானைப் பார்க்கலாம்" என்றார் தர்மராஜ் கடைசியில். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

இனி எல்லாம் மானின் கையில் இருந்தது. மானுக்குக் கை இல்லை, கால்தான் என்பதெல்லாம் அப்போது சாமிதுரைக்குத் தோன்றவில்லை. இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியவர், பிள்ளை இருக்கிறவனுக்குப் பெண் கொடுப்பாரா? மான் மட்டும் கண்ணில் பட்டுவிட்டால், அம்மனே சொல்லிவிட்டாள் என்று மீதியை மறந்துவிடுவார். அந்த ஒரு நம்பிக்கையோடுதான் அவன் நடந்தான்.

விருத்தகிரி அவர்களைப் பார்த்ததும் சலாம் வைத்தார். சாமிதுரை மேஸ்திரிக்குத் தெரியாதபடி அவருக்குச் சாடை காட்டினான்.

"போங்க, இன்னிக்கு மான் கட்டாயம் இருக்குமுங்க" என்றார் அவர். சாமிதுரை பதறிப்போய் முன்னால் நடந்தான்.

ஆனால் மலை யாருடைய கவலையையும் கண்டுகொள்வதில்லை. அன்று அது அத்தனை அழகாக இருந்தது. வெயில் பட்ட பாறைகள் பால் மாதிரி வெளுத்திருந்தன. மயில் ஒன்று பாதையைக் குறுக்கே கடந்து, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போனது. குகைக்குள் எட்டிப் பார்த்தால் கூரையிலிருந்து சொட்டு நீர் விழுந்து விழுந்து, சுண்ணாம்பே ஆலம் விழுதுபோல் இறங்கியிருந்தது. வௌவால்கள் கலைந்து கீச்சிட்டன. ஓர் உடும்பு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் பொந்துக்குள் நுழைந்ததும் சொர்ணாம்பாள் சின்னப் பெண்போலச் சிரித்தாள். அம்புஜவல்லி சாமிதுரைக்குப் பக்கத்திலேயே நடந்தாள். பயத்துக்கு நடுவிலும் அவனுக்கு நெஞ்செல்லாம் நிறைந்திருந்தது.

பார்வைப் பாறைக்கு வந்தார்கள். தர்மராஜ் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தார். சாமிதுரை கண்ணை மூடிக்கொண்டான்.

"நிக்குது" என்றார் தர்மராஜ்.

சாமிதுரை கண்ணைத் திறந்தான். நின்றது. வெள்ளை வெளேரென்று, நீல வானத்துக்கு எதிரே, காலைத் தூக்கிக்கொண்டு, அவன் செய்ததைவிட அழகாக நின்றது. அவனே ஒரு கணம் கும்பிடப் போனான்.

"அது முதுகு மேல இன்னா?" என்றார் தர்மராஜ்.

முதுகின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தது மட்டுமல்ல, மானின் காதைப் பிடித்துக்கொண்டு பேன் தேடியது.

அம்மன் மான் என்பதால் குரங்குக்கு அதனிடம் பயமில்லை என்றான் சாமிதுரை. தர்மராஜ் கையைத் தட்டினார். குரங்கு திரும்பிப் பார்த்தது, மான் பார்க்கவில்லை. அது தியானத்தில் இருக்கும் என்றான் சாமிதுரை. ஓ என்று ஒரு சத்தம் கொடுத்தார். மலை திருப்பிச் சத்தம் கொடுத்தது, மான் அசையவில்லை. இந்த மலை மான்களுக்குக் காது மந்தம் என்று சொல்ல அவன் வாயெடுத்தபோது, இரண்டாவது குரங்கு ஒன்று வந்தது. அது மானைப் பார்க்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தது. ஒரு நாள் வெயிலில் கொய்யா நன்றாகப் பழுத்திருக்க வேண்டும்.

வேண்டாம் என்று சாமிதுரை மனசுக்குள் கெஞ்சினான். குரங்கு பழத்தை உருவியது.

மான் மெல்லச் சாய்ந்தது. முதுகில் இருந்த குரங்கு குதித்துத் தப்பியது. தூக்கிய காலை இறக்காமலே மான் விளிம்பைத் தாண்டி, பாறையில் பட்டது.

கிணீர் என்று ஒரு சத்தம் எழுந்து மலை முழுக்கச் சுற்றி வந்தது. ஆடு விழுந்தால் அப்படிச் சத்தம் வராது, மாடு விழுந்தாலும் வராது. பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிற யாருக்கும் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு விளக்கமும் தேவையில்லை.

தர்மராஜ் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைசி எதிரொலி அடங்கும் வரை கேட்டார்.

"நல்லா வெந்திருக்குது" என்றார்.

ஒரு வருஷத்துப் பேச்சு, ஊதாப்பூச் சேலை, நீள இமை எல்லாம் அந்தச் சத்தத்தோடு உடைந்து போயிற்று என்று சாமிதுரை நினைத்தான். பக்கத்தில் அம்புஜவல்லி சிரிப்பை நிறுத்திவிட்டு நிஜமாகவே கண் கலங்கி நின்றாள்.

"அம்மை போட்ட கொழந்தை இதுதானா?" என்று கேட்டார் தர்மராஜ்.

"ஆமாங்க."

"வேற கொழந்தை ஏதும் இல்லியே?"

"சத்தியமா இல்லீங்க."

தர்மராஜ் மனைவி பக்கம் திரும்பினார். "சொர்ணம், நீ மானைப் பார்த்தியா?"

"பார்த்தேங்க."

"காலைத் தூக்கிட்டு நின்னுதா?"

"நின்னுது."

"அப்ப தை மாசத்திலயே வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மலையில் குப்பை கிடக்கக்கூடாது, போய் ஒரு துண்டு விடாமல் பொறுக்கி வாருங்கள் என்று இரண்டு பேரையும் ஓடைப் பக்கம் அனுப்பினார். அவர் முன்னால் இறங்கத் தொடங்கினார். பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டு போனார்.

சாமிதுரைக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சந்தோஷப்படலாமா என்றுகூடத் தெரியவில்லை. அம்புஜவல்லி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அப்போது அது விளங்கியது. இரண்டு பேரும் துண்டுகளைப் பொறுக்கித் துப்பட்டியில் போட்டார்கள். மான் சுக்கல் சுக்கலாகப் போயிருந்தது. அவனைப் பாடாய்ப் படுத்திய அந்த முன்னங்கால் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் முழுசாகக் கிடந்தது. அம்புஜவல்லி அதை எடுத்துச் சேலை மடிப்பில் துடைத்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாதையில் சொர்ணாம்பாள் இவர்களுக்காகக் காத்திருந்தாள். மகள் பையில் எதையோ வைப்பதை அவள் பார்த்துவிட்டாள். அம்புஜவல்லி வெட்கப்பட்டு அப்பாவை நோக்கி ஓடிவிட்டாள். மூட்டையோடு தனியாக மாட்டிக்கொண்ட சாமிதுரை, இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னான்.

"மன்னிச்சிடுங்கம்மா. அந்தக் காலைத் தூக்கி நிறுத்தறதுக்குள்ள மூணு மான் வீணாப் போயிடுச்சு. ஆனாலும் மேஸ்திரி பார்த்தது மாதிரியே இருக்கணும்னுதான் செஞ்சேன்."

சொர்ணாம்பாள் கீழே போய்க்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். பழைய வழக்கம் போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை அது பக்தி இல்லை என்று சாமிதுரைக்கே தெரிந்தது.

"முன்ன வந்த ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்தாங்க தம்பி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு நாங்க பார்த்த மான் காலைத் தூக்கல, அவரு சுட்ட மண்ணு மானைச் சுமந்துட்டு மலையேறும்போது வழியில ஒடைச்சுப் போட்ட காலு, இன்னும் என் பொட்டியிலதான் இருக்குது."